பிரேக் பேசும்போது பாட்டை நிறுத்துங்கள்!

பிரேக் சத்தம் கேட்டால் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, லேசாக ‘கிறீச்’ என்றாலே மெக்கானிக்கிடம் ஓடும். அவர் சொல்வதையெல்லாம் மாற்றிவிட்டு வரும். இன்னொரு கட்சி, பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டும். முதல் கட்சிக்குப் பணம் வீணாகலாம். இரண்டாம் கட்சிக்கு நஷ்டம் பணத்தோடு நிற்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. எந்தச் சத்தம் ‘சும்மா’, எந்தச் சத்தம் ‘சீக்கிரம் பார்’, எந்தச் சத்தம் ‘இப்போதே நிறுத்து’ என்று பிரித்தறிவதுதான் அது. இதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். காதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ராதாபுரத்துக் காருக்கு என்ன தனிக் கஷ்டம்?

நெல்லை மாவட்டத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் ராதாபுரம் வட்டாரத்தில், காரின் பிரேக்குக்கு எதிரிகள் கொஞ்சம் அதிகம்.

முதல் எதிரி உப்பு. கூடங்குளம், இடிந்தகரை, உவரி என்று கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. பிரேக் டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பில் செய்யப்படுவது. அதற்குப் பெயிண்ட் பூச முடியாது. பூசினால் பிரேக் பிடிக்கும் பரப்பே கெட்டுவிடும். ஆகவே உப்புக்காற்றும் ஈரமும் பட்ட ஒரே இரவில் அதன்மேல் மெல்லிய துரு படியும்.

இரண்டாவது எதிரி மணல். திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரிச் செம்மண், ஆடிக்காற்றில் சாலைவரை பறந்து வரும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், டிஸ்க்கின் இரும்பைவிடக் கடினமானது. கடற்கரை மணலில் கலந்திருக்கும் கார்னெட் இன்னும் ஒரு படி மேல். உப்புத்தாள் செய்யவும் இரும்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் பொருள் அது. அதில் ஒரு மணி பிரேக் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது எதிரியை யாரும் எதிரியாக நினைப்பதில்லை. அது ஓய்வு. சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்கள் ஊரில் ஒரு காரை வாங்கி வேப்பமர நிழலில் நிறுத்தியிருப்பார்கள். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும்தான் அது தெருவில் இறங்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் காரின் பிரேக், தினமும் ஓடும் டாக்ஸியின் பிரேக்கைவிட மோசமாக இருப்பது சகஜம்.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம் பிரேக். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. பெடலை மிதித்தால், காலிப்பர் என்கிற கவ்வி இரண்டு பேடுகளை இருபுறமும் வைத்து அந்தத் தட்டை இறுக்கும். டிரம்மில், உள்ளிருக்கும் இரண்டு பிரேக் ஷூக்கள் வெளிப்பக்கமாக விரிந்து டிரம்மின் உட்சுவரைப் பிடிக்கும்.

குடும்பத்தோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு தடவை நிறுத்துவதற்குள் பிரேக்கில் உண்டாகும் வெப்பத்தைக் கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். அதுவும் சில விநாடிகளில்! இந்தச் சுமையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே தாங்குகின்றன. முன்பேடுகள் சீக்கிரம் தேய்வதற்கு அதுவே காரணம்.

இவ்வளவு இறுக்கமாக இரண்டு பொருள்கள் உரசும்போது, பேடு டிஸ்க்கை ஒட்டிப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி ஒட்டும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடந்தால் டிஸ்க் அதிர்ந்து ‘கிறீச்’ என்று கத்தும். கரும்பலகையில் சாக்பீஸ் கத்துவதும், வயலின் தந்தியில் வில் இழைந்து நாதம் வருவதும் இதே விதியால்தான்.

இந்தக் கத்தல் இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902-ல் காருக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோதே அதன் பெரிய குறை காதைப் பிளக்கும் சத்தம்தான். உலோகத்தோடு உலோகம் உரசியது. பிறகு ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் உரசும் பரப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங் கொடுத்த பிறகே சத்தம் அடங்கியது. பேடின் சரக்கு தேய்ந்து தீர்ந்துவிட்டால், கார் மறுபடி 1902-க்கே போய்விடுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கதையில் நெல்லைச் சீமைக்கும் பங்கு உண்டு. வள்ளியூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடிதான் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் ஊர். அவர் பெயரில் உள்ள ‘டி’ அந்த ஊரைக் குறிப்பதுதான். அவர் தொடங்கிய டி.வி.எஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனமும் சேர்ந்து 1962-ல் ஆரம்பித்தது சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம்.

சத்தத்தைக் கேட்டு வகை பிரிப்போம்

*காலையில் மட்டும் ‘சரசர’:* இரவு மழையில் நின்ற கார், அல்லது கழுவிவிட்டு அப்படியே நிறுத்திய கார். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் சரசரவென்று உரசிவிட்டு அடங்கிவிடும். டிஸ்க்கில் படிந்த துருவைப் பேடு சுரண்டி எடுக்கிற சத்தம் அது. செலவு எதுவும் இல்லை. ஐந்தாறு முறை பிரேக் போட்ட பிறகும் தொடர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

*மெல்லிய, கூர்மையான ‘கிறீச்’:* இதற்கு இரண்டு மூன்று காரணங்கள் உண்டு. புதிதாக பேடு மாற்றியிருந்தால், டிஸ்க்கோடு அது பழகும்வரை கத்தலாம். பேடின் முதுகில் வைக்கும் மெல்லிய தகட்டை மாட்டாமல் விட்டிருந்தாலும், மலிவான கடினமான பேடு போட்டிருந்தாலும் கத்தும். ஆனால் பேடு மாற்றி வெகுநாள் ஆகியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தேய்மானத்தை. பல பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேடு கிட்டத்தட்ட தீரும் கட்டத்தில் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். சில கார்களில் பிரேக் மிதிக்காமல் ஓடும்போதே இது கேட்கும், மிதித்தால் அடங்கும். ‘பிரேக் போட்டா சத்தம் நிக்குது, அப்ப பிரேக்குல கோளாறு இல்ல’ என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இது ‘இந்த வாரமே பார்’ வகை. எல்லாப் பேடிலும் இந்த நாக்கு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே கத்தவில்லை என்பதற்காகத் தேயவில்லை என்று அர்த்தமில்லை.

*இரும்போடு இரும்பு அரையும் ‘கர்ர்ர்’:* பெடலில் காலை வைத்தால் அதிர்வோடு கேட்கும். பேடின் சரக்கு முழுவதும் தீர்ந்து, அதன் இரும்பு முதுகு டிஸ்க்கை அரைக்கிறது. வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும். ஒரு பேடு செட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, இரண்டு டிஸ்க்கும் சேர்ந்த செலவாக மாறிவிடும். ‘வள்ளியூர்வரைதானே, மெதுவாப் போயிடலாம்’ என்று கிளம்பாதீர்கள். ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்கை வரவழையுங்கள், அல்லது கட்டி இழுத்துப் போங்கள்.

இதே ‘கர்ர்ர்’, பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் சுற்றச் சுற்ற விடாமல் கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலிருக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவே கல் மாட்டியிருக்கலாம். சரளைச் சாலையில் போய் வந்த பிறகு இது அடிக்கடி நடக்கும். கல்லை எடுத்தால் தீர்ந்தது. ஆனால் கல்தான் என்று நீங்களாக முடிவு செய்யக்கூடாது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர் சொல்ல வேண்டும்.

*ஒரே ஒரு ‘டொக்’:* ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் போகும்போது முதல் பிரேக்கில் மட்டும் ஒரு ‘டொக்’ கேட்டால், பேடு தன் இடத்தில் லேசாக நகர்கிறது. பேடைப் பிடித்திருக்கும் கிளிப் தேய்ந்திருக்கலாம் அல்லது காணாமல் போயிருக்கலாம். ஒவ்வொரு பிரேக்குக்கும் ‘டொக்’ கேட்டால் காலிப்பர் போல்ட் தளர்ந்திருக்கலாம். அது அபாயம், உடனே பார்க்க வேண்டும். பிரேக்கில் எல்லாம் சரியாக இருந்தும் ‘டொக்’ தொடர்ந்தால், முன்சக்கரத்தின் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குழியும் வேகத்தடையும் நிறைந்த ஊர்ச் சாலையில் ஓடும் கார்களுக்கு இவை வழக்கமான தேய்மானம்.

*பெடல் துள்ளுவது:* சாதாரணமாக பிரேக் போடும்போதே பெடல் காலுக்கடியில் துடித்தால், டிஸ்க்கின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்று பொருள். திடீரென்று அழுத்தி மிதித்தபோது மட்டும் ‘கடகட’ என்ற சத்தத்தோடு துடித்தால் பயப்பட வேண்டாம். அது ஏபிஎஸ் வேலை செய்கிற சத்தம். 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் பலர் அதன் சத்தத்தை முதல் தடவை கேட்பதே ஆபத்து நேரத்தில்தான். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது, அழுத்திய காலை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்களோ அத்தனை பேருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

*பெடலிலிருந்தே ‘புஸ்ஸ்’:* மிதிக்கும்போது காலடியில் காற்று கசியும் சத்தமும், கூடவே பெடல் கல்மாதிரி கடினமாவதும் சேர்ந்து வந்தால், பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பூஸ்டரிலோ அதன் குழாயிலோ கசிவு. இதையும் தள்ளிப்போடக் கூடாது. பெடல் மட்டும் கிணற்றுக் கப்பி மாதிரி ‘கீச் கீச்’ என்றால், பெடல் ஆடும் அச்சில் கிரீஸ் வறண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

*பின்பக்கம் ‘கொரகொர’:* டிரம்முக்குள் தேய்ந்த லைனிங் தூளும் மணலும் சேர்ந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். அந்தத் தூளை வாயால் ஊதக் கூடாது. காற்றடித்தும் பறக்கவிடக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ துடைப்பதுதான் முறை.

வீட்டிலேயே ஐந்து பரிசோதனை

1. சுவர் சோதனை. பாட்டையும் ஏசியையும் நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்குங்கள். ஆள் நடமாட்டமில்லாத, நீளமான காம்பவுண்டுச் சுவர் ஓரமாக 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக் போடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். திரும்பி வந்து மறுபக்கத்தையும் சோதித்தால் இடதா வலதா என்று தெரிந்துவிடும். இடது முன்சக்கரச் சத்தம் டிரைவரைவிட இடது சீட்டில் இருப்பவருக்கே முதலில் கேட்கும். ‘ஏங்க, என்னமோ சத்தம் கேக்கு’ என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் ‘உனக்கு என்ன தெரியும்’ என்று அடக்காதீர்கள்.

2. ஹேண்ட் பிரேக் சோதனை. லீவர் வகை ஹேண்ட் பிரேக் உள்ள காரில், காலியான மைதானத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில், லீவரின் பொத்தானை அமுக்கியபடியே மெதுவாக இழுங்கள். இப்போது அதே சத்தம் வந்தால் கோளாறு பின்சக்கரத்தில். வராவிட்டால் பெரும்பாலும் முன்னால்.

3. டார்ச் சோதனை. சக்கரத்தின் இடைவெளி வழியாக மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப் பேடில் சரக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். உள்பக்கப் பேடு வெளியே தெரியாது. அதுவே முதலில் தேய்ந்திருக்கவும் கூடும். வெளிப்பேடு நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிட வேண்டாம். டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள் இருந்தாலும் காட்ட வேண்டும். டிஸ்க் ஆறிய பிறகுதான் தொட வேண்டும்.

4. சூடு சோதனை. ஒரு பத்து கிலோமீட்டர் ஓடிவந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்து கருகிய வாடையும் வந்தால், அந்தக் காலிப்பர் பிடித்த பிடியை விடவில்லை. உப்புக்காற்று ஊர்களில் காலிப்பர் பின் துருவேறி இறுகுவது அடிக்கடி நடப்பது.

5. பிரேக் ஆயில் சோதனை. பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பேடு தேயத் தேய இது இறங்கும். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாமல், பேடு தேய்ந்ததா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

செய்யவே கூடாதவை

சத்தம் போகட்டும் என்று டிஸ்க்கிலோ டிரம்மிலோ எண்ணெய், டீசல், துருநீக்கி ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள். சத்தம் போகும், கூடவே பிரேக்கும் போகும். எண்ணெய் குடித்த பேடை உப்புத்தாளால் தேய்த்தெல்லாம் காப்பாற்ற முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

தூரப் பயணம் முடித்த சூட்டோடு வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளலாம், விரிசலும் விடலாம். அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அதை மட்டும் மாற்றாதீர்கள். இடதும் வலதும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை போய்விட்டு இறங்குகிறவர்கள், முழுவதும் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்காதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்கினால் பாதி வேலையை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். கருகிய வாடை வந்து, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் பிரேக் சத்தம் போடாமலேகூடக் கைவிட்டுவிடும்.

நிற்கும் காருக்கு ஒரு வார்த்தை

ஊரில் காரை விட்டுவிட்டு வெளியூர் போகிறவர்கள் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். மாதக்கணக்கில் அப்படியே நின்றால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

வீட்டில் இருக்கும் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ ‘வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணுங்க’ என்று மட்டும் சொன்னால் பேட்டரிதான் பிழைக்கும். வண்டியை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, ஆளில்லாத சாலையில் நாலைந்து தடவை நன்றாக பிரேக் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். டிஸ்க்கின் துருவும் போகும், காலிப்பரும் இறுகாமல் இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஓடினாலும் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. கொடைக்கு வந்து இறங்கியதும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நேராக வள்ளியூர்–பணகுடி நான்குவழிச் சாலைக்குப் போகாமல், முதல் நாள் தனியாக ஊருக்குள் ஒரு சுற்று சுற்றி பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள். அந்தச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடும். காற்றாலை இறக்கையை ஏற்றிய நீள லாரி முன்னால் திரும்பும்போது பிரேக்கைச் சோதித்துப் பார்க்க நேரம் இருக்காது.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

‘பிரேக்குல சத்தம் வருது’ என்று மட்டும் சொன்னால், அவர் ஊகித்துத்தான் வேலை செய்ய வேண்டும். ‘இடது முன்னால், வண்டி சூடான பிறகு, மெதுவாக மிதித்தால் மட்டும் கிறீச் என்கிறது’ என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. சத்தத்தை மொபைலில் பதிவு செய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது. பட்டறை வாசலில் போய் நின்றதும் சத்தம் வராமல் போவது எல்லாக் காருக்கும் உள்ள பழக்கம். ஆனால் பதிவு செய்வது பக்கத்தில் இருப்பவர் வேலை, ஓட்டுபவர் வேலை அல்ல.

டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்று சொன்னால் கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கனம் எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?’ டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனத்தைப் பல கார்களில் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அளந்து காட்டினால், மாற்றுவதா வேண்டாமா என்று இரண்டு பேருமே சேர்ந்து முடிவு செய்யலாம். கழற்றிய பழைய பேடுகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் பின் இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப் பேடு போட்டால், அதுவும் அப்படியேதான் தேயும்.

புதுப் பேடு போட்டதும் முதல் சில நூறு கிலோமீட்டர் அவசரமில்லாமல் ஓட்டுங்கள். அதற்குள் லேசான சத்தம் இருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகும் நீடித்தால், அதே மெக்கானிக்கிடம் தயங்காமல் திரும்பப் போங்கள்.

(அடுத்த வாரம்: ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறதா?)